நிறுத்தப்பட்ட மின்னணுப் பாகங்களும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்த கார் 1992 ஆம் ஆண்டில் தயாரானது. இரண்டே இருக்கைகள், நடுவில் எஞ்சின், வயதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகவே ஓடிய வண்டி. எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ பாடியிலோ குறை சொல்ல ஒன்றும் இல்லாதபோதும், உரிமையாளர் அதை விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த யோசனைக்குக் காரணம் ஏசியை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி.

தொடக்கத்தில் தெரிந்த அறிகுறிகள் அற்பமானவை. ப்ளோயர் சில நேரம் தானாகவே முழு வேகத்தில் சுழன்றது. வெப்பநிலையைக் காட்டும் எண்கள் வண்டி குளிர்ந்திருக்கும்போது மங்கி, சூடேறிய பிறகு தெளிந்தன. பாக எண்ணைக் கொடுத்துக் கேட்டபோது, அந்தப் பாகம் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது, அதற்கு மாற்று எண்ணும் இல்லை என்ற பதில் கிடைத்தது. எனவே உடைக்கப்பட்ட ஒரு வண்டியிலிருந்து கழற்றிய பெட்டியை வாங்கிப் பொருத்தினார். சில மாதங்களில் அதுவும் அதே அறிகுறிகளைக் காட்டியது. அதன் பிறகு அவருடைய கவலை ஏசியோடு நிற்கவில்லை: எஞ்சினை ஆளும் கணினியான இசியு போய்விட்டால் என்ன செய்வது, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பெட்டி போனால், மீட்டர் போனால் என்று ஒவ்வொன்றாக வளர்ந்தது. அந்தக் கவலையில் கைக்குக் கிடைத்த பழைய பெட்டிகளையெல்லாம் வாங்கி அலமாரியில் சேர்க்கத் தொடங்கினார். என்னிடம் வந்தபோது அவர் கேட்டது பழுதுபார்ப்பு மட்டுமல்ல. இந்தக் காரில் எந்தப் பாகம் கெட்டால் வண்டி ஒரேயடியாக நின்றுவிடும் என்று தெரிந்துகொள்ள விரும்பினார். இவ்வாய்வு அந்தக் கேள்விக்கான பதில்.

ஏசி பெட்டிக்குள்ளே

முதலில் வண்டியோடு வந்த மூலப் பெட்டியைத் திறந்தோம். சர்க்யூட் போர்டில் நகக்கண் அளவே உள்ள அலுமினிய மின்னாற்பகு கெபாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும், உள்ளே திரவம் கொண்ட பாகங்கள்) ஒரு வரிசையாக இருந்தன. வெளிப்பார்வைக்கு எதுவும் வீங்கவில்லை, வெடிக்கவில்லை. ஆனால் அவற்றின் அடியைச் சுற்றிப் பளபளக்க வேண்டிய ஈயப்பற்று சாம்பல் நிறமாக மங்கியிருந்தது. அருகே ஓடிய செம்புக் கோடுகளின் பச்சைப் பூச்சு கறுத்துக் கொப்புளித்திருந்தது. பற்றுக்கோலை (சால்டரிங் அயர்ன்) வைத்தவுடன் எழுந்த கருவாட்டு வாடை சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. கசிந்த மின்பகு திரவத்தில் உள்ள அம்மோனியம் உப்புகள் சூட்டில் சிதைவதால் வரும் வாடை அது. கழற்றி அளந்தபோது, சில கெபாசிட்டர்களின் கொள்ளளவு ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. எஞ்சியவற்றின் உள்தடை பல மடங்கு ஏறியிருந்தது. குளிரில் மங்கிய எண்கள் சூட்டில் தெளிந்ததற்கும் இதுவே விளக்கம்: வற்றிவரும் மின்பகு திரவத்தின் தடை, குளிர்ந்த நிலையில் இன்னும் கூடிவிடுகிறது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. இவ்வகைக் கெபாசிட்டருக்கு 105 பாகை செல்சியஸில் 2000 மணி நேரம் என்பது வழக்கமான ஆயுள் மதிப்பு. வெப்பம் 10 பாகை குறையும்தோறும் ஆயுள் இரட்டிக்கும் என்பது துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் விதி. டாஷ்போர்டுக்குள் 65 பாகை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஆயுள் 32,000 மணி நேரம் ஆகிறது. ஆண்டுக்கு 300 மணி நேரம் ஓடும் வண்டிக்கு இது நூறாண்டைத் தாண்டும். ஆக, கெபாசிட்டர்கள் உழைத்துத் தேய்ந்து சாகவில்லை. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பரவலாகப் பயன்பட்ட மின்பகு திரவ வகை ஒன்றில், எதிர்முனைக் கம்பியின் அருகே காரத்தன்மை கூடி, அது ரப்பர் அடைப்பை மெல்ல அரித்துத் திரவத்தை வெளியே விட்டது. அதே காலத்தில் வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ், 3000ஜிடி கார்களின் இசியுக்களில் கெபாசிட்டர் கசிவது அந்த வண்டிகளை வைத்திருப்போர் அனைவரும் அறிந்த செய்தி. அந்தத் தலைமுறைக் கணினிகளிலும் கேமராக்களிலும்கூட இதே கதைதான்.

இந்த வேதியியலிலிருந்து உரிமையாளருக்கு உடனடியாகத் தேவைப்பட்ட பதில் ஒன்று கிடைக்கிறது. வண்டியை ஓட்டாமல் வைத்திருப்பது அந்தப் பெட்டியைக் காப்பாற்றாது. பழைய பெட்டியை வாங்கி அலமாரியில் வைப்பதும் காப்பாற்றாது. அலமாரியில் இருக்கும் பெட்டிக்கும் வண்டியில் இருப்பதற்கும் வயது ஒன்றே, உள்ளே உள்ள கெபாசிட்டரும் ஒன்றே. வாங்கிய இரண்டாவது ஏசி பெட்டியைத் திறந்தபோது, அதன் கசிவு மூலப் பெட்டியை விட மோசமாக இருந்தது. இரண்டு செம்புக் கோடுகள் முழுவதும் அறுந்திருந்தன. நிறுத்தப்பட்ட பாகம் என்றவுடன் பழையதைத் தேடி ஓடுவது இயல்புதான், ஆனால் பெரும்பாலும் அது அதே நோயை மறுபடியும் விலைகொடுத்து வாங்குவதாகவே முடிகிறது.

பழுதுபார்ப்பில் புதுமை எதுவும் இல்லை. எல்லாக் கெபாசிட்டர்களையும் கழற்றி, போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பலமுறை கழுவி, அரிபட்ட கோடுகளுக்கு மெல்லிய கம்பியால் பாலம் போட்டு, புதியவற்றைப் பொருத்தினோம். திரவமே இல்லாத பாலிமர் வகையைப் போட்டால் இனிக் கசிவே இராது என்ற ஆசை இவ்விடத்தில் எல்லோருக்கும் வரும். ஆனால் பழைய மின்னழுத்தச் சீராக்கிகள் சில, வெளியீட்டுக் கெபாசிட்டரில் ஓரளவு உள்தடை இருக்கும் என்று நம்பியே வடிவமைக்கப்பட்டவை. அங்கே உள்தடை மிகக் குறைந்த பாலிமர் வகையைப் போட்டால் சீராக்கி அலைவுறத் தொடங்கலாம். எனவே சீராக்கியின் வெளியீட்டில் மட்டும் தரமான திரவ வகையையே வைத்தோம். ஏசி சீரானது.

கவலையை எங்கே வைப்பது

ஏசி பெட்டியில் கிடைத்த அனுபவத்தை வைத்துக்கொண்டு மற்றப் பெட்டிகளைப் பார்க்கும்போது, பாகம் கடையில் கிடைக்குமா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. ஒரு பெட்டி எவற்றால் ஆனது என்பதே முதல் கேள்வி. கெபாசிட்டர், ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், ரிலே, பொதுவான லாஜிக் சில்லு என்று சந்தையில் கிடைப்பவற்றால் மட்டுமே ஆன பெட்டி, பாக எண் நிறுத்தப்பட்டிருந்தாலும் உண்மையில் நிறுத்தப்பட்டதல்ல. அதைப் பிழைக்கவைக்க ஒரு நல்ல பற்றுக்கோலும் பொறுமையும் போதும். அந்தப் பெட்டிக்கென்றே செய்த சில்லு, அந்த வண்டிக்கென்றே எழுதிய மென்பொருள், அந்த மீட்டருக்கென்றே வார்த்த கண்ணாடித் திரை ஆகியவை வேறு வகை. அவை போனால் அவற்றின் உள்ளடக்கமும் சேர்ந்து போகிறது. கவலை அங்கேதான் நியாயமானது. இந்தக் காரில் அப்படிப்பட்ட இடங்கள் எதிர்பார்த்ததை விடக் குறைவு.

இசியுவுக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரத்தை இணைத்துவிடும் மெயின் ரிலேயை எடுத்துக்கொள்வோம். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிறிது நேரத்தில் மறுபடி இயக்கினால் பெட்ரோல் பம்ப் ஓடாது, அரை மணி கழித்து ஓடும் என்ற குறையும் இந்த வண்டிக்கு அவ்வப்போது இருந்தது. உரிமையாளர் அதை இசியு சாகத் தொடங்கியதன் அடையாளம் என்று நம்பி, தூக்கம் கெட்டிருந்தார். ரிலேயைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், தடித்த கால்களைச் சுற்றி ஈயப்பற்றில் மயிரிழை வளையமாக ஒரு விரிசல். கால் ஒரு அளவிலும் போர்டு வேறு அளவிலும் விரிந்து சுருங்குவதால், ஆயிரக்கணக்கான சூடு, குளிர் சுற்றுகளுக்குப் பிறகு வரும் களைப்பு அது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்ததோடு வேலை முடிந்தது. 1990களின் கார்களில் ‘இசியு போய்விட்டது’ என்று தீர்ப்பாகும் பழுதுகளில் கணிசமானவை இப்படி ரிலேயிலோ, எர்த் வயரிலோ, கனெக்டரிலோ முடிபவை என்பது என் கணிப்பு. இந்த வயது வண்டிகளில் கோளாறுக் குறியீட்டைப் பார்க்கப் பெரிய கருவியும் தேவையில்லை. கோளாறுகளைக் கருவியால் படிப்பதற்கான பொதுத் தரமுறையாக, அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டு முதல் கட்டாயமான ஓபிடி-2க்கு முந்தைய தலைமுறை இது. சோதனைக் கனெக்டரின் இரண்டு முனைகளை இணைத்தால் எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எண்ணைச் சொல்லிவிடும்.

சென்சார்களில் நிலைமை இன்னும் நல்லது. கார் நிறுவனம் தன் பாக எண்ணை நிறுத்தியிருக்கும். ஆனால் அந்த சென்சாரைச் செய்த டென்சோவோ போஷோ அதே பொருளைப் பல சாதாரண செடான்களுக்கும் கொடுத்திருக்கும். பாகத்தின் மேலேயே பொறித்திருக்கும் உற்பத்தியாளர் எண்ணைப் படித்துத் தேடினால், வேறொரு காரின் பெயரில் அது இன்னும் விற்பனையில் இருப்பதைக் காணலாம். கனெக்டர்களும் அப்படியே. சூட்டில் பிளாஸ்டிக் பொடிந்துவிட்டதே என்று வயர்க் கற்றையான ஹார்னஸையே தேடுவோர் உண்டு. சுமிட்டோமோ, யசாகி போன்றோரின் பொதுவான கனெக்டர் வரிசைகள் பல நிறுவனங்களின் கார்களில் பயன்பட்டவை என்பதால், கனெக்டரின் கூடுகளும் உள்முனைகளும் தனியாகவே கிடைக்கின்றன.

இசியுவும் அதனுள் இருக்கும் 32 கிலோபைட்டும்

உண்மையான கவலை இசியுவில் தொடங்குகிறது. போர்டின் மற்றப் பாகங்களை மாற்றலாம். ஆனால் எந்த எஞ்சின் வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், எந்தக் கோணத்தில் பொறி என்று சொல்லும் அட்டவணைகள் ஒரு நினைவுச் சில்லில் இருக்கின்றன. இந்த வண்டியில் அது 27சி256 வகை ஈப்ராம்: 28 கால்கள், 32 கிலோபைட். கைபேசியில் எடுக்கும் சாதாரணப் படம் ஒன்றில் நூறில் ஒரு பங்கு அளவுகூட வராத அந்தத் தகவல் இல்லாவிட்டால் எஞ்சின் ஓடாது. தகவல் அங்கே பதிந்திருப்பது, மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட நுண்ணிய கேட்டுகளில் அடைபட்ட மின்னூட்டமாக. பல பத்தாண்டுகளில் அது கசியலாம்; சில்லின் மேலுள்ள கண்ணாடிச் சாளரத்தை மூடிய ஸ்டிக்கர் உரிந்து, நெடுநாள் வெயில் பட்டாலும் அழியலாம்.

ஆகவே பழுதே இல்லாத நிலையில் அந்தச் சில்லைக் கழற்றிப் படித்துவைப்பதை இந்த ஆய்வின் முதன்மையான வேலையாகக் கொண்டேன். ஒரே முறை படித்து நிறுத்துவது போதாது. 4.5, 5, 5.5 வோல்ட் என்று மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிப் படித்து, கிடைத்த கோப்புகளை ஒப்பிட வேண்டும். மின்னூட்டம் பாதி கசிந்த செல், அழுத்தம் கூடும்போது எழுதப்படாத செல்லைப் போல் நடித்து, கோப்புகளுக்கிடையே வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும். இவ்வண்டியில் எல்லாக் கோப்புகளும் ஒன்றாகவே இருந்தன. அலமாரியில் இருந்த உபரி இசியு ஒன்றில் மட்டும், உயர்ந்த மின்னழுத்தத்தில் ஒரு பிட் மாறியது. விலை கொடுத்து வாங்கிய அந்தக் காப்பீடு, தேவைப்படும் நாளில் எஞ்சினைத் தடுமாறவைத்திருக்கக்கூடும். நல்ல சில்லின் தகவலைப் புதிய சில்லில் எழுதிப் பொருத்தி, மூலச் சில்லை ஈரமும் ஒளியும் படாமல் எடுத்துவைத்தோம். கோப்பு உரிமையாளரிடம் பல பிரதிகளாக இருக்கிறது.

எல்லா இசியுக்களும் இப்படி இடம் கொடுப்பதில்லை. நிரலைத் தொழிற்சாலையிலேயே பதித்து, படிக்க முடியாமல் பூட்டிய மைக்ரோகண்ட்ரோலர் இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். பிற்பட்ட கார்களில், உரிய சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாதபடி தடுக்கும் இம்மொபிலைசர் வேறு சேர்ந்துகொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயமானது; அதன்பின் இசியு, சாவி, சில வண்டிகளில் மீட்டரும், ஒன்றையொன்று அடையாளம் காணும் ரகசிய எண்களால் கட்டுண்டன. அங்கே உபரி இசியு வாங்கிவைப்பது மட்டும் பயன் தராது. ஈஈப்ராம் என்ற எட்டுக் கால் நினைவுச் சில்லு ஒன்றில் இருக்கும் அந்த எண்களும் வேண்டும். வயதில் மூத்த 1992 கார், இந்த விஷயத்தில் 2002 காரை விட அதிர்ஷ்டசாலி. தவிரவும், அதன் எஞ்சின் கேட்பவை எளிய சென்சார் சமிக்ஞைகள் மட்டுமே என்பதால், மூல இசியு முற்றிலும் செத்தாலும் ஹால்டெக், லிங்க், மோடெக் போன்ற தனி இசியு ஒன்றைக்கொண்டு ஓட்டிவிடலாம். அதற்குத் திறமையான டியூனிங் தேவை, புகைச் சோதனை விதிகள் அதை ஏற்குமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் வண்டி நிரந்தரமாக நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு அது போதுமான பதில்.

உற்பத்தியாளர்கள் கை கொடுப்பார்களா என்றும் உரிமையாளர் கேட்டார். நிஸ்ஸான் 2017இல் ஆர்32 ஜிடி-ஆர் காருக்கும், மஸ்தா முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காருக்கும், டொயோட்டா அதன்பின் சுப்ராவுக்கும் நிறுத்திய பாகங்களை மறுபடி செய்யும் திட்டங்களைத் தொடங்கின. வரவேற்கத்தக்கவைதான். ஆனால் அவற்றின் தொடக்கப் பட்டியல்களில் குழாய்கள், வயரிங் ஹார்னஸ், சின்னங்கள், மேற்கூரைத் துணி, கதவுக் கைப்பிடி, விளக்கு போன்றவையே தெரிந்தன. ரப்பருக்கும் உலோகத்துக்கும் அச்சு இருந்தால் மறுபடி வார்க்கலாம். சில்லைச் செய்த உற்பத்தி வரிசையே மூடப்பட்ட பிறகு, பெட்டியைப் புதிதாக வடிவமைத்து, சோதித்து, சான்று பெற வேண்டும். சில நூறு பேருக்காக அதைச் செய்வது கடினம். பாகம் மட்டுமல்ல, பாகத்தோடு பேசும் கருவியும் காலாவதியாகும். 1992 முதல் 1998 வரை மொத்தம் 106 கார்களே செய்யப்பட்ட மெக்லாரன் எஃப்1ஐப் பராமரிக்க, தனிச் சிறப்பு அட்டை பொருத்திய காம்பாக் எல்டிஇ 5280 மடிக்கணினி தேவைப்பட்டது. 2016இலும் அந்த நிறுவனம் அப்பழைய மடிக்கணினிகளையே நம்பியிருந்தது செய்தியானது. உலகின் மிக விலையுயர்ந்த கார்களுக்கே அந்த நிலை என்றால், மற்றவர்கள் உற்பத்தியாளரை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பொருளில்லை.

ஏபிஎஸ்: கை வைக்கக் கூடாத இடம்

ஏபிஎஸ் பெட்டியில் என் அணுகுமுறை வேறு. இப்பெட்டி கெட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும், ஏபிஎஸ் விலகிக்கொள்ளும், பிரேக் சாதாரண பிரேக்காக வேலை செய்யும். அந்த அளவில் அது அச்சப்படத் தக்க தோல்வி அல்ல. அரைகுறையாகப் பழுதுபார்த்த பெட்டி, தேவையற்ற நேரத்தில் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை விடுவிப்பதே ஆபத்து. மேசையில் சரியாகத் தெரிவது, அதிர்விலும் சூட்டிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல அவசியமான சோதனை வசதி பெரும்பாலான பட்டறைகளில் இல்லை. 1990களின் பிற்பகுதியில் பல ஐரோப்பியக் கார்களில் வந்த போஷ் 5.3 ஏபிஎஸ் பெட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: எஞ்சின் அறையின் சூட்டிலும் அதிர்விலும் உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியப் பிணைப்புக் கம்பிகள் விடுபட்டுப் போகும். பிசுபிசுத்த சிலிக்கோன் பூச்சுக்கு அடியில், சாதாரண ஈயம் பிடிக்காத அந்த அலுமினியத்தைப் பற்றுக்கோலால் தீண்டி ‘சரிசெய்த’ பெட்டிகளும் விற்பனையில் உலவுகின்றன. தகுந்த பிணைப்புக் கருவியும் சோதனை மேசையும் வைத்திருக்கும் சிறப்புப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அல்லது முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும்.

இந்தக் காரின் ஏபிஎஸ் விளக்கு இன்னும் எரியவில்லை. ஆனால் அதன் ஹைட்ராலிக் பகுதியும் பழைய தலைமுறையைச் சேர்ந்தது, அதற்கும் பாகம் இல்லை. அதே மாடலின் பிற்கால வண்டிகளில் வந்த சிறிய, எளிய ஏபிஎஸ் தொகுதியைப் பிரேக் குழாய்களோடு சேர்த்து மாற்றுவதே நீடித்த தீர்வு என்று பரிந்துரைத்தேன்.

வெளியிலிருந்து வரும் கேடு

பெட்டிகள் தாமாகக் கெடுவதைப் பற்றியே பேசினாலும், நல்ல பெட்டியை ஒரு நொடியில் கொல்வது வண்டியின் மின்சாரமே. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனை தளர்ந்து விடுபட்டால், சார்ஜ் செய்துகொண்டிருந்த ஆல்டர்னேட்டரின் மின்னோட்டம் போக்கிடம் இல்லாமல், மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். 12 வோல்ட் வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 16750 தரநிலை, இந்தப் பாய்ச்சலை ஏறத்தாழ 80 முதல் 100 வோல்ட் வரை, அதிகபட்சம் 400 மில்லிவினாடிகள் நீடிப்பதாக வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. புதிய பெட்டி அதைத் தாங்க வடிவமைக்கப்பட்டிருக்கும்; முப்பது ஆண்டு பழகிய பெட்டியின் பாதுகாப்பு டயோடும் வடிகட்டியும் அப்படித் தாங்கும் என்று எதிர்பார்க்க இயலாது. இவ்வண்டியின் பேட்டரிக் கவ்விகள் தளர்ந்தும் பச்சை பூத்தும் இருந்தன. அலமாரி நிறைய உபரிப் பெட்டிகள் வாங்கிய உரிமையாளர், அந்தக் கவ்விகளை இறுக்கியிருக்கவில்லை. கவ்விகளையும் எர்த் வயர்களையும் புதுப்பித்து, ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரைச் சோதித்து, கார் பாடியில் வெல்டிங் செய்யும் முன் பேட்டரியைக் கழற்றுவதோடு இசியு கனெக்டரையும் உருவிவிடுமாறு மெக்கானிக்கிடம் சொல்லிவைத்தோம்.

மீட்டரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இவ்வண்டியில் இருப்பவை முள் மீட்டர்கள். ஓடோமீட்டரும் பல்சக்கர வகை. எண்திரை உள்ள வண்டியாக இருந்தால் கதை நீண்டிருக்கும்: திரையின் மேல் உள்ள போலரைசர் படலம் மங்கினால் மாற்றலாம், திரைக்கும் போர்டுக்கும் நடுவே ஒட்டிய ரிப்பன் விட்டுப்போனால் ஓரளவு சரிசெய்யலாம், கண்ணாடியே விரிசல் விட்டால் அதற்கு வழியில்லை. ஏசி பெட்டியின் சிறு திரை ஒன்றே இங்கு அந்த வகை. அதற்கு மட்டும் ஒரு உபரியை, போர்டுக்காக அல்லாமல் திரைக்காக, வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இறுதி நிலை

இசியுவின் கெபாசிட்டர்கள், வெளியே கசிவு தெரியாத நிலையிலேயே மாற்றப்பட்டன. கழற்றிப் பார்த்தபோது இரண்டு மட்டும் கசியத் தொடங்கியிருந்தன, கோடுகள் அரிபடவில்லை. அலமாரியில் இருந்தவற்றில், நினைவுச் சில்லில் பிழை உள்ள இசியு, பாகங்களுக்காக மட்டும் என்று குறிக்கப்பட்டது; மற்றொன்று புதிய கெபாசிட்டர்களோடும் புதிய ஈப்ராமோடும் வண்டியிலேயே பொருத்தி ஓட்டிப் பார்க்கப்பட்டு, உபரியாக வைக்கப்பட்டிருக்கிறது. சேமித்திருந்த ஏபிஎஸ் பெட்டியை உரிமையாளர் விற்றுவிட்டார்; வாங்குபவரிடம் அது சோதிக்கப்படாதது என்று எழுதிக்கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். வண்டியை விற்கும் யோசனையைக் கைவிட்டு, பிற்கால ஏபிஎஸ் தொகுதியை மாற்றும் வேலைக்கு வண்டியை விட்டிருக்கிறார். பிரேக் குழாய்களை வளைத்துப் பொருத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கான வயரிங் அதன் பிறகு.